எங்களுக்காக நாங்கள் காத்திருந்த மாலை

ஆர்டர்காரர் வான நீலம் கேட்டிருந்தார், நான் சாயப்பட்டறைக்கு மயில் நீலம் போடச் சொல்லி மெயில் அனுப்பிவிட்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர் சொல்வதை இங்கே தைப்பவர்களுக்குச் சொல்லி, இவர்கள் சொல்வதை அவருக்கு எழுதி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அன்று காலை கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்து, போனில் பழைய மெயிலைப் பார்த்தபோதுதான் தப்பு உறைத்தது. துணி முந்தைய நாளே வீரபாண்டிச் சாயப்பட்டறைக்குப் போய்விட்டது.

"ஒரே ஒரு நாள் பின்னால போக முடிஞ்சா போதும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முன் இருக்கையிலிருந்து ஒருவர் திரும்பினார். "போனாலும் ஒண்ணும் ஆகாதுங்க மேடம்."

அவர் எங்கள் கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவர். கழுத்து எவ்வளவு, கை எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பார், அதன்படி துணி வெட்டுவார்கள். சேவூர்க்காரர். அவிநாசி வரை பைக்கில் வந்து அங்கே வேன் ஏறுவார். அதுவரை அவரும் நானும் பேசியதெல்லாம் "ஃபைல் வந்துருச்சா?", "வந்துருச்சுங்க" என்பதோடு சரி.

"ஏன் ஆகாது?" என்று கேட்டேன்.

"நீங்க நேத்துக்குப் போயி மெயிலைச் சரி பண்ணிட்டீங்கன்னு வைங்க. அப்ப இன்னைக்குத் தப்பே இருக்காதுங்க. தப்பே இல்லாட்டி எதுக்குங்க நேத்துக்குப் போவீங்க? நீங்க போகாட்டி யாரு சரி பண்றது?"

வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. நான் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"சரி, நான் போகலை. அப்போ தப்பு இருக்கும்."

"இருந்தா நீங்க போவீங்க."

"போனா சரி பண்ணிருவேன்."

"சரி பண்ணிட்டாப் போக மாட்டீங்க."

"போகலைன்னா தப்பு இருக்கும்."

கம்பெனி கேட் வருவதற்குள் இதையே நாலு சுற்று சுற்றிவிட்டோம். கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இறங்கினேன். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும், தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் அக்கா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

இரண்டு நாளில் துணி மயில் நீலத்தில் வந்து இறங்கியது. மன்னிப்புக் கேட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். இதுவே நன்றாக இருக்கிறது, இப்படியே தைத்துவிடுங்கள் என்று ஆர்டர்காரர் பதில் போட்டுவிட்டார். மறுநாள் வேனில் பந்தயம் ஜெயித்தவள் மாதிரி பேட்டர்ன்காரரிடம் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினார்.

"அப்ப நேத்துக்குப் போக முடியாததே நல்லதாப் போச்சுங்க. போயிருந்தா இந்த நல்லதைக் கெடுத்துப்போட்டுல்ல வந்திருப்பீங்க?"

அன்றிலிருந்து தினமும் காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம் இதே பேச்சுதான். நாளடைவில் அவர் எனக்கு இடம் பிடித்து வைத்தார், அவிநாசியிலிருந்து சூடாகப் பப்ஸும் வாங்கி வந்தார். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்த குடும்பம் எங்களுடையது. அம்மா ஓவர்லாக் மிஷினில் தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார். பள்ளி, கல்லூரி, வேலை என்று எல்லாமே நேராகப் போய்க்கொண்டிருந்த என் வாழ்க்கையில், இப்படி வளைந்து வந்து தன் வாலையே கடிக்கிற ஒரு விஷயம் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. சோற்றில் கை வைத்தால் அது ஞாபகம் வரும். சர்ச்சில் முழங்காலிட்டிருக்கும்போது ஞாபகம் வந்து, சிரிப்பை அடக்கமுடியாமல் இருமுவதுபோல் நடிப்பேன்.

ஒருநாள் அவர் எல்லாவற்றிலும் பெரிய புதிரைக் கொண்டுவந்தார். ஒருத்தன் பழைய காலத்துக்குப் போய், தன் அம்மாவே பிறப்பதற்கு முன்னால் அம்மாவைப் பெற்ற அப்புச்சியைக் கொன்றுவிடுகிறான். அப்படியானால் அம்மா பிறக்கவில்லை, அவனும் பிறக்கவில்லை. பிறக்காதவன் எப்படிப் போய்க் கொன்றான்?

செக்கிங் அக்கா கையிலிருந்த பூவைக் கட்டுவதை நிறுத்திவிட்டார். "ஏனுங் தம்பி, அத்தனை தூரம் போயி அப்புச்சியக் கொல்லோணுமாக்கும்? நல்லா இருக்கறீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்தா ஆகாதுங்களா?"

"ஒரு பேச்சுக்குங்க அக்கா."

"பேச்சுக்குக்கூட வேண்டாமுங்க. பாவமுங்க."

அக்காவுக்காக நாங்கள் கதையை மாற்றிக்கொண்டோம். அவன் போய் அப்புச்சியின் கல்யாணத்தை மட்டும் நிறுத்துகிறான். புதிர் அதேதான், ரத்தம் இல்லை. இப்போது அக்காவும் களத்தில் இறங்கிவிட்டார்.

பேட்டர்ன்காரருடைய கட்சி, நடந்தது நடந்ததுதான் என்பது. யார் போனாலும் எதையும் மாற்றமுடியாது. கல்யாணத்தை நிறுத்தப் போகிறவன் மண்டபம் தெரியாமல் வேறு மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். அன்றைக்கு அப்படி ஒருவன் வந்து சாப்பிட்டதும் பழைய காலத்தில் ஏற்கெனவே நடந்ததாகத்தான் இருக்கும். என்னுடைய கட்சி வேறு. அவன் போனதும் அங்கிருந்து இன்னொரு பாதை பிரிந்துவிடும். அந்தப் பாதையில் கல்யாணம் நின்றுவிடும். இந்தத் திருப்பூர் இப்படியே இருக்கும், அதற்குப் பக்கத்தில் இன்னொரு திருப்பூர் உண்டாகும்.

"அந்தத் திருப்பூர்லயாச்சும் ரோடு நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார் அக்கா. வேன் டிரைவர் சிரித்த சிரிப்பில் ஒரு லாரியை முட்டப் பார்த்தார்.

ஒரு புதிரில் மட்டும் பேட்டர்ன்காரர் தோற்றுப்போனார். அது நான் சொன்னது. எதிர்காலத்திலிருந்து ஒருவர் வந்து அவரிடம் ஒரு டி-ஷர்ட் பேட்டர்னைக் கொடுக்கிறார். அவர் அதைப் பார்த்து அப்படியே வரைந்து பத்திரமாக வைக்கிறார். பல வருடம் கழித்து இன்னொருவர் அதை எடுத்துக்கொண்டு பழைய காலத்துக்குப் போய் அவரிடமே கொடுக்கிறார். அப்படியென்றால் அந்தப் பேட்டர்னை முதலில் வரைந்தது யார்?

அவர் முகம் மாறிவிட்டது. அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு என் மேஜைக்கே வந்து நின்றார்.

"இது தப்புங்க மேடம். ஒரு கழுத்து வளைவு சரியா வர நாங்க எத்தனை தடவை அழிச்சு வரையறோம் தெரியுங்களா? யாரும் வரையாம ஒரு பேட்டர்ன் எப்படிங்க வரும்? யாராச்சும் ஒருத்தர் உக்காந்து வரைஞ்சிருக்கோணுமல்லங்க?"

"யாரும் வரையலை. அது சும்மா இருக்கு. அவ்வளவுதான்."

"சும்மா இருக்குமுங்களா?" என்று, யாரோ அவர் வேலையைப் பறித்துக்கொண்டது போலக் கேட்டுவிட்டுப் போனார். அந்த முகத்தைப் பார்த்ததில் இருந்து எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று நான் யோசிக்கவும் இல்லை.

இதற்குள் கம்பெனியில் பேச்சு கிளம்பியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கேண்டீனில் செக்கிங் அக்கா என் காதருகே குனிந்தார்.

"ஏனம்மிணி, அந்தத் தம்பிக்கு உன்ர மேல ஒரு இதுன்னு சொல்லிக்கறாங்களே, நெசந்தானா?"

எனக்கு முதலில் கோபம் வந்தது. வேனில் இத்தனை பேர் முன்னால் பேசியதற்கு இப்படி ஒரு பேரா? அடுத்த நிமிடம் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தட்டில் எலுமிச்சை சாதம் அப்படியே இருக்க, நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடியும் கோபத்தை வரவழைத்துக்கொண்டு நேராகப் பேட்டர்ன் அறைக்குப் போனேன்.

"என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் என்ன சொல்லிவெச்சிருக்கீங்க?"

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். காது சிவந்துவிட்டது. "நானுங்களா? நான் ஒண்ணும் சொல்லலீங்க. உங்களுக்குத்தான் எம்மேல பிரியமுன்னு அக்கா சொன்னாங்க. அதனாலதானுங்க தினமும் உங்களுக்கு வேன்ல இடம் பிடிச்சு வெச்சேன். பப்ஸ் வாங்கிட்டு வந்ததும் அதனாலதானுங்க."

எனக்குக் கால் தரையில் இல்லை. இருந்தாலும் விடவில்லை. அக்காவைக் கூட்டிவந்தேன். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"வேன் டிரைவருதான் அம்மிணி சொன்னாரு."

கீழே போய் டிரைவரைப் பிடித்தோம். அவர் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நீங்களே வேன்ல சத்தமாச் சொன்னீங்களே! எதிர்காலத்துல இருந்து என்னைத் தேடிட்டு யாராவது வந்தா இவருதான் வருவாருன்னு."

சொன்னது உண்மைதான். எனக்கே ஞாபகம் வந்தது. ஏன் சொன்னேன்? தினமும் இடம் பிடித்து வைத்து, சூடு ஆறாமல் பப்ஸ் வாங்கி வருகிற மனிதர், இந்த மெனக்கெடலுக்கு எந்தக் காலத்திலிருந்தும் வருவார் என்று தோன்றியதால் சொன்னேன்.

டிரைவரையும் கூட்டிக்கொண்டு மறுபடி மேலே போனோம். பேட்டர்ன் வெட்டும் நீளத் தாளில் ஒரு துண்டைக் கிழித்துப் பேட்டர்ன்காரர் வரைய ஆரம்பித்தார். அவர் பப்ஸ் வாங்கியது அக்கா சொன்னதால். அக்கா சொன்னது டிரைவர் சொன்னதால். டிரைவர் சொன்னது நான் சொன்னதால். நான் சொன்னது அவர் பப்ஸ் வாங்கியதால். நாலு அம்புக்குறிகள். கடைசி அம்பு போய் முதல் அம்பின் முதுகில் முட்டியது.

"இது ஆகாது. ஏதாவது ஒண்ணு முதல்ல நடந்திருக்கணும். தேதி பாப்போம்" என்றேன்.

தேதி யாருக்கும் தெரியவில்லை. மழை பெய்த அன்று என்றார் அக்கா. மழைக்கு முந்தியே என்றார் டிரைவர். பப்ஸ் ஆரம்பித்தது அக்கா சொன்னதற்குப் பிறகுதான் என்று பேட்டர்ன்காரர் சத்தியம் செய்தார். பப்ஸுக்கு முன்னால் நான் வாயே திறக்கவில்லை என்று நான் சத்தியம் செய்தேன். யார் சொல்வதும் பொய்யாகத் தெரியவில்லை. இன்சார்ஜ் தேடுவாரே என்று ஞாபகம் வந்து அக்கா ஓடிவிட்டார், டிரைவரும் கீழே போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"யாருமே வரையலீங்க இதை" என்றார் அவர். மேடம் என்று சொல்லவில்லை.

அப்புறம் எங்களுக்கு வந்த சிரிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பக்கத்து அறையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஆனால் அவர் பேட்டர்ன் வரைகிறவர். யாரும் வரையாத வட்டத்தோடு அவரால் வாழமுடியாது. அடுத்த வியாழக்கிழமை வேனில் ஒரு யோசனையோடு வந்தார்.

"நம்ம ஆயுசுக்குள்ள, பழைய காலத்துக்குப் போற எந்திரம் ஒண்ணு வந்துச்சுன்னு வைங்க. எத்தனை வயசானாலும் சரி, அதுல ஏறி இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சரை மணிக்கு, அவிநாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற பேக்கரிக்கு வந்து, யாரு முதல்லன்னு நமக்கே சொல்லிப்போடோணும். இன்னைக்கே முடிவு பண்ணி எழுதி வெச்சுக்குவோம்."

இந்தச் சோதனையின் அழகே, முடிவு தெரிய முப்பது வருடம் காத்திருக்க வேண்டாம் என்பதுதான். எந்திரம் எப்போது வந்தாலும் சரி, பதில் சனிக்கிழமையே வந்துவிடும். நான் வேனிலேயே கை தட்டினேன். இரண்டு பேரும் அவரவர் போனில் குறித்துக்கொண்டோம்.

சனிக்கிழமை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். எதிர்காலத்திலிருந்து வருகிற நான் என்னைப் பார்க்கும்போது நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். அவளுக்கு இந்தச் சுடிதார் ஏற்கெனவே தெரியும் என்பது பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது. அவர் எனக்கு முன்பே வந்து, வாசலைப் பார்த்த மாதிரி ஒரு மேஜையில் இருந்தார். தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். சட்டைப் பையில் கேள்விகள் எழுதிய தாள்.

இரண்டு டீயும் தேங்காய் பன்னும் சொன்னோம். அஞ்சரை ஆனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். இந்தியில் பேசிக்கொண்டு நாலு பேர் வந்து கேக் வாங்கிப் போனார்கள். அஞ்சே முக்கால். யாரும் இல்லை. எந்திரம் வரவே போவதில்லையா, அல்லது வந்தும் நாங்கள் இதை மறந்துவிட்டோமா என்று மெல்லிய குரலில் வாதாடிக்கொண்டிருந்தோம்.

அப்போது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்து எங்களுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா தேங்காய் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துச் சாப்பிட்டார். நானும் அப்படித்தான் சாப்பிடுவேன். அந்த ஐயா மேஜையில் இருந்த காகிதத்தை எடுத்து, ஓரம் சேர்த்து, பாதியாக மடித்து, நகத்தால் நீவினார். என் பக்கத்தில் இருந்தவர் தன் கையைப் பார்த்தார். அவர் கையிலும் பாதியாக மடித்து நீவிய காகிதம் இருந்தது.

நான் அந்த அம்மாவின் மூக்கைப் பார்த்தேன். என் மூக்கா? இல்லை. முப்பது வருடத்தில் மூக்கு மாறுமா?

"என்னங் தம்பி, ஏதாச்சும் வேணுமுங்களா?" என்றார் அந்த ஐயா. நாங்கள் அவ்வளவு நேரமாக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"நீங்க எங்கிருந்துங்க வர்றீங்க?" என்று கேட்டார் இவர்.

"கோபியிலிருந்துங்க."

"இல்லீங்க, எந்த வருசத்துல இருந்துங்க?"

மேஜைக்கடியில் அவர் காலை மிதித்தேன். காலம் கடந்துவிட்டது. அந்த அம்மா டீயைக் கீழே வைத்து, "எந்த வருசமா?" என்று கேட்டு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் முழுக்கதையையும் சொன்னோம். மயில் நீலம், அப்புச்சி, பப்ஸ், நாலு அம்புக்குறி, எல்லாம். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஏனுங்க, கேட்டீங்களா? நாம இவங்களாட்டம் இருக்கறமாம்!"

அந்த ஐயா சிரிக்கவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி புருவத்தைச் சுருக்கினார்.

"அதெல்லாம் சரிங்க தம்பி. எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க. முப்பது வருசம் கழிச்சு நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வருவீங்கன்னு எப்படிங்க முடிவு பண்ணுனீங்க? தனித்தனியா வரமாட்டீங்களா?"

நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம். ஜோடியாக வருகிற ஆட்களை மட்டும்தான் நாங்கள் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தனியாக வந்த ஒருவரைக்கூட, இது நீங்களாக இருக்குமோ என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர்கள் பஸ் வந்துவிட்டது. "நல்லா இருங்க கண்ணு" என்று அந்த அம்மா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஓடினார்.

அவர் டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"அந்த ஐயா கேட்டதுக்கு என்னங்க பதில்?" என்றார்.

"நீங்கதானே வேன்ல ஆரம்பிச்சீங்க. நமக்கே வந்து சொல்லணும்னு."

"நீங்கதானுங்க கை தட்டுனீங்க."

"தட்டினேன்."

"அப்ப வரலாமுங்களா?"

"எங்க?"

"முப்பது வருசம் கழிச்சுங்க. ஒண்ணா."

என் வாயில் பன் இருந்தது. விழுங்கினால் பதில் சொல்லவேண்டும், பதில் சொல்லாமல் இருப்பதற்காக விழுங்காமலே இருக்கவும் முடியாது. தலையை மட்டும் ஆட்டினேன். உடனே புரை ஏறிவிட்டது. பேக்கரிக்காரர் தண்ணீரோடு ஓடிவந்து என் உச்சியில் தட்டினார். கண்ணில் தண்ணீர் வழிய நான் இருமிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து நின்று, "ஆமான்னு ஆட்டுனீங்களா, புரை ஏறுனதுக்கு ஆட்டுனீங்களா?" என்று பதறிப்போய்க் கேட்டார். ஆமாம் என்பதற்குத்தான் என்று மறுபடி ஆட்டினேன்.

வீட்டில் சொன்னது அவ்வளவு சிரிப்பாக இல்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவர்கள் தறி நெய்து வந்த குடும்பம், வருடா வருடம் பழனிக்கு நடந்து போகிறவர்கள். என் அப்பா ஆறு வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைப்பார். அம்மாதான் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஏட்டி, யாருட்டி மொதல்ல ஆரம்பிச்சது?"

"தெரியலம்மா."

"தெரியாம எப்பிடிட்டி இருக்கும்? ரெண்டு பேருல ஒருத்தர்தான ஆரம்பிச்சிருக்கணும்?"

"அதான்ம்மா பிரச்சினையே."

சேவூரிலும் அவருடைய அப்பா இதையேதான் கேட்டிருக்கிறார். என்னைப் பார்க்க வந்தபோது வாசலிலேயே நின்று, "அம்மிணி, எம் பையன் உங்களைத் தொந்தரவு ஏதும் பண்ணீட்டானுங்களா?" என்றார். இல்லைங்க என்றேன். "அப்ப நீங்களுங்களா?" இல்லைங்க என்றேன். அவன் பேரைச் சொல்லாமல் இவள் காப்பாற்றுகிறாள், இவள் பேரைச் சொல்லாமல் அவன் காப்பாற்றுகிறான் என்று அவர் அதைப் புரிந்துகொண்டார். ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காத பிள்ளைகள் என்று என் அப்பாவிடம் அவரே பேசினார். என் அப்பா ஆறு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "அந்தப் பையன் மீன் சாப்பிடுவான்லா?" என்பது.

ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டோம். பழனிக்கும் போனோம், சர்ச்சிலும் ஜெபம் பண்ணினார்கள். இப்போது அவிநாசியில் மாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னுடைய பழைய கட்சிப்படியே பேசி நானே மாட்டிக்கொண்டேன். பாதைகள் பிரியும் என்றால், நான் ஒழுங்காக வான நீலம் என்றே எழுதி அனுப்பிய இன்னொரு திருப்பூரும் இருக்கும் அல்லவா? அங்கே நான் வேனில் அழவில்லை, இவர் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே இவருக்கு யாரோடு கல்யாணம் ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"எனக்கெப்படிங்க தெரியும்?" என்றார் வெங்காயம் உரித்தபடி.

"சும்மா சொல்லுங்க. எப்பிடி இருப்பா?"

"ம்ம்... கொஞ்சம் உயரமா இருப்பாங்களோ என்னமோ."

எனக்கு வந்ததே கோபம். இல்லாத ஊரில் இல்லாத ஒருத்தி மீது எனக்கு அப்படி ஒரு பொறாமை. உயரமான அந்தப் பொம்பளையிடமே போய்க்கொள்ளுங்கள் என்றேன். யார் போனாலும் எதையும் மாற்றமுடியாது என்பதுதானே தன் கட்சி என்று அவர் சிரித்தார். நான் கரண்டியை ஓங்கினேன். அவர் வெங்காயக் கண்ணீரோடு அடுப்படியைச் சுற்றி ஓடினார். அந்தக் களேபரத்தில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மூன்று என்றார் அவர். ஐந்து என்றேன் நான். திறந்து பார்த்தால் சாதம் குழைந்து களியாகியிருந்தது. தயிர் ஊற்றிப் பிசைந்து, மாங்காய் ஊறுகாயோடு ஒரே தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.